ஆறு நாடுகள், ஒரு மேஜை: வட கொரிய அணு ஆயுதப் பேச்சுவார்த்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கொரியா ஏவுகணை விடும் ஒவ்வொரு முறையும் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். "பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேச்சு நடந்த காலங்களில் அணு உலை நின்றது, சர்வதேச ஆய்வாளர்கள் உள்ளே இருந்தார்கள். பேச்சு அறுந்த காலங்களில்தான் குண்டுகள் கூடின. அதை ஆண்டு வாரியாகக் காட்ட முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆறு நாட்டுப் பேச்சுவார்த்தை என்றால் என்ன?

வட கொரியா, தென் கொரியா, அமெரிக்கா, சீனா, ஜப்பான், ரஷ்யா. இந்த ஆறு நாடுகளின் பிரதிநிதிகள் 2003 ஆகஸ்ட் 27 அன்று பெய்ஜிங்கின் தியாவ்யூதாய் அரசு விருந்தினர் மாளிகையில், ஓர் அறுகோண மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வட கொரியா அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட வேண்டும். அதற்கு ஈடாக அதற்குப் பாதுகாப்பு உறுதி, எரிபொருள், அரசு உறவுகள் கிடைக்க வேண்டும். பேரம் இவ்வளவுதான். கூட்டத்தைக் கூட்டியதும் தலைமை தாங்கியதும் சீனா. இன்று சீன வெளியுறவு அமைச்சராக இருக்கும் வாங் யீ, அன்று துணை அமைச்சராக இருந்து முதல் சுற்றுகளை நடத்தினார். கடைசியாக 2008 டிசம்பரில் கூடினார்கள். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை.

பிரச்சினை 2003-ல்தான் தொடங்கியதா?

இல்லை, குறைந்தது பத்து வருடங்கள் முன்னதாக. வட கொரியா 1985-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆனால் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை உள்ளே விடும் உடன்படிக்கையில் 1992-ல்தான் கையெழுத்திட்டது. தலைநகர் பியோங்யாங்குக்கு வடக்கே யோங்பியோன் என்ற இடத்தில் 5 மெகாவாட் உலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சின்ன உலைதான். ஆனால் அதில் எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு குண்டுக்குப் போதுமான புளுட்டோனியம் கிடைக்கும்.

ஆய்வாளர்கள் போனபோது, "ஒரே ஒரு முறை, 1990-ல், சுமார் 90 கிராம் பிரித்தெடுத்தோம்" என்று வட கொரியா சொன்னது. ஆய்வாளர்கள் கருவிகளின் மேல் துணியால் துடைத்து எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு முறை அல்ல, 1989, 1990, 1991 என்று பல முறை பிரித்தெடுத்திருப்பது தெரிந்தது. ஒரு துணித்துண்டு ஒரு நாட்டின் கணக்கையே பொய்யாக்கிவிட்டது. இந்தத் துணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2008-ல் பேச்சு உடைந்ததும் இதை ஒட்டிய சண்டையில்தான்.

அணுக்கழிவு இருப்பதாகச் சந்தேகித்த இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும் என்று முகமை கேட்டதும், 1993 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக வட கொரியா அறிவித்தது. விலகல் நடைமுறைக்கு வர ஒரு நாள் இருக்கும்போது அதை நிறுத்தி வைத்தது.

1994-ல் போர் மூளும் நிலை இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. அந்த வருடம் உலையிலிருந்து சுமார் 8,000 எரிபொருள் தண்டுகளை வட கொரியா வெளியே எடுத்தது. யோங்பியோனைத் தாக்கும் திட்டத்தை கிளிண்டன் அரசு கையில் வைத்திருந்தது. சியோல் நகரமோ எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர்தான். பீரங்கி எட்டும் தூரம். ஜூன் மாதம் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் போய் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கைச் சந்தித்த பிறகுதான் சூடு தணிந்தது. அடுத்த மாதமே கிம் இல் சுங் இறந்துபோனார். அப்படியும் பேச்சு நிற்கவில்லை. 1994 அக்டோபர் 21 அன்று ஜெனீவாவில் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

வட கொரியா உலையை நிறுத்தும். பதிலுக்கு, ஆயுதத்துக்குப் புளுட்டோனியம் எடுப்பது கடினமான வகையைச் சேர்ந்த, தலா 1,000 மெகாவாட் மென்னீர் உலைகள் இரண்டு கட்டித் தரப்படும். (கூடங்குளத்தில் ஓடும் உலைகளும் அதே வகை, அதே அளவு.) அவை தயாராகும்வரை வருடத்துக்கு 5 லட்சம் டன் கனரக எண்ணெய். இதை நடத்த அமெரிக்கா, தென் கொரியா, ஜப்பான் சேர்ந்து கெடோ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் பிறகு சேர்ந்தது.

அந்த ஒப்பந்தம் ஏமாற்று வேலைதானே?

பாதி அப்படிச் சொல்லலாம். மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் ஆகாது. 1994 முதல் 2002 வரை, எட்டு வருடம், யோங்பியோன் உலை ஓடவில்லை. அந்த 8,000 தண்டுகள் ஆய்வாளர்கள் கண்காணிப்பில் சும்மா கிடந்தன. கட்டிக்கொண்டிருந்த 50 மெகாவாட், 200 மெகாவாட் உலைகள் இரண்டும் அப்படியே நின்றுபோயின. அவை முடிந்திருந்தால் வருடத்துக்கு டஜன் கணக்கில் குண்டுகள் செய்யும் அளவுக்குப் புளுட்டோனியம் வந்திருக்கும். அவற்றை யாரும் இன்றுவரை ஓட்டவில்லை. எனக்கு இதுதான் பேச்சுவார்த்தையின் மிகப்பெரிய வெற்றி. ஒன்று நடக்காமல் போனதற்கு யாரும் விழா எடுப்பதில்லை என்பதால் பலருக்கு இது தெரியாது.

அதே நேரம் வட கொரியா இன்னொரு வழியில், யுரேனியத்தைக் குண்டுக்கு ஏற்றபடி செறிவூட்டும் வழியில், ரகசியமாக நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் வலையமைப்பிடமிருந்து, செறிவூட்டலுக்கு வேண்டிய மையவிலக்குக் கருவிகள் அங்கே போயின. மறுபக்கம், வாக்களித்த மென்னீர் உலைகளும் தாமதமாகிக்கொண்டே போயின. 2003-ல் முதல் உலை தயாராக வேண்டும் என்பது இலக்கு. அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றியதே 2002 ஆகஸ்ட்டில்.

அப்புறம் எப்படி உடைந்தது?

வேகமாக. 2002 ஜனவரியில் அதிபர் புஷ், ஈராக், ஈரானோடு வட கொரியாவையும் 'தீய அச்சு' என்றார். அக்டோபரில் பியோங்யாங் போன அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் கெல்லி யுரேனியத் திட்டத்தைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார். வட கொரியர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று அமெரிக்கா சொன்னது. இல்லை என்று அவர்கள் பிறகு மறுத்தார்கள். நவம்பரில் எண்ணெய் நிறுத்தப்பட்டது. டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரி 10 அன்று அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்தே வட கொரியா விலகியது. எட்டு வருடம் சும்மா கிடந்த தண்டுகள் புளுட்டோனியம் பிரிக்கும் ஆலைக்குப் போயின.

யுரேனியத் திட்டத்தைத் தட்டிக் கேட்டது சரிதான். ஆனால் ஆரம்ப நிலையில் இருந்த ஒன்றைத் தடுக்கப் போய், முழுதாகக் கட்டிப்போட்டிருந்த புளுட்டோனியத்தை அவிழ்த்து விட்டார்கள்.

ஏன் ஆறு நாடுகள்? அமெரிக்காவும் வட கொரியாவும் நேரடியாகப் பேசினால் போதாதா?

வட கொரியா கேட்டது அதைத்தான். புஷ் அரசு மறுத்தது. இரண்டு பேர் மட்டும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறினால் தட்டிக் கேட்க யாருமில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் சாட்சியாக இருந்தால் மீறுவது கடினம் என்பது அமெரிக்காவின் வாதம். ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேர் முன்னால் பேசி முடிப்பதற்கு இருக்கும் அதே காரணம். நல்ல வாதம்தான்.

ஆனால் அந்த ஆறு பேருக்கும் ஆறு கவலைகள் இருந்தன. சீனாவுக்கு, பக்கத்து வீடு இடிந்து விழுந்து அகதிகள் ஆற்றைக் கடந்து வந்துவிடக் கூடாது. தென் கொரியாவுக்குப் போர் வரக் கூடாது. ரஷ்யாவுக்குத் தன்னை விட்டுவிட்டு எதுவும் முடிவாகக் கூடாது. ஜப்பானுக்குக் கடத்தப்பட்ட தன் மக்கள் திரும்ப வேண்டும். உருப்படியான பேரம் நடந்த நேரங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அமெரிக்கப் பிரதிநிதி கிறிஸ்டோபர் ஹில்லும் வட கொரியப் பிரதிநிதி கிம் கியே-க்வானும் தனியாகச் சந்தித்தபோதுதான் முடிச்சுகள் அவிழ்ந்தன. ஆறு பேர் மேஜை அதற்குக் கூரையாக இருந்தது. கூரையும் தேவைதான்.

ஜப்பானின் கடத்தல் பிரச்சினை அணு ஆயுதப் பேச்சில் எப்படி வந்தது?

1970-களிலும் 80-களிலும் ஜப்பானியக் கடற்கரைகளில் ஆட்கள் காணாமல் போனார்கள். அவர்களில் யோகோத்தா மெகுமி என்ற 13 வயதுப் பள்ளிச் சிறுமியும் ஒருத்தி. 2002 செப்டம்பரில் பிரதமர் கொய்சுமி பியோங்யாங் போனபோது, 13 பேரைக் கடத்தியது உண்மை என்று அப்போதைய வட கொரியத் தலைவர் கிம் ஜோங் இல் ஒப்புக்கொண்டார். ஐந்து பேர் நாடு திரும்பினார்கள். மற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்ற பதிலை ஜப்பானியக் குடும்பங்கள் நம்பவில்லை. அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை எரிபொருள் உதவியில் பங்கு தர முடியாது என்று ஜப்பான் உறுதியாக நின்றது. பேச்சை இது தாமதப்படுத்தியது என்று எரிச்சலோடு எழுதுபவர்களைப் படித்திருக்கிறேன். மகளை இழந்த தாயிடம் போய் "முதலில் புளுட்டோனியம், அப்புறம் உங்கள் பெண்" என்று எந்த அரசால் சொல்ல முடியும்?

2005 செப்டம்பர் 19 கூட்டறிக்கையில் என்ன இருந்தது?

நான்காம் சுற்றில் வந்த அந்த அறிக்கைதான் இந்த முயற்சி முழுவதற்கும் உச்சம். எல்லா அணு ஆயுதங்களையும், இருக்கும் அணுத் திட்டங்களையும் கைவிடுவதாகவும், பரவல் தடை ஒப்பந்தத்துக்குச் சீக்கிரம் திரும்புவதாகவும் வட கொரியா எழுத்தில் ஏற்றது. கொரியத் தீபகற்பத்தில் தன் அணு ஆயுதங்கள் இல்லை, வட கொரியாவைத் தாக்கும் எண்ணமும் இல்லை என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. தென் கொரியா 20 லட்சம் கிலோவாட் மின்சாரம் தரும் தன் திட்டத்தை மறுபடி உறுதி செய்தது. 1953-ல் வெறும் போர் நிறுத்தத்தோடு நின்றுபோன கொரியப் போருக்கு நிரந்தர அமைதி காணத் தனியாகப் பேசுவோம் என்றும் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக 'வாக்குக்கு வாக்கு, செயலுக்குச் செயல்' என்ற நெறி. நீ ஓர் அடி வை, நானும் ஓர் அடி வைக்கிறேன்.

ஓட்டையும் இருந்தது. மென்னீர் உலையைப் பற்றி "தகுந்த நேரத்தில்" பேசுவோம் என்று எழுதியிருந்தார்கள். தகுந்த நேரம் எது? ஆயுதத்தைக் கைவிட்ட பிறகு என்றது அமெரிக்கா. உலையை முதலில் கொடு என்று மறுநாளே வட கொரியா சொன்னது.

மக்காவ் வங்கி விவகாரம் என்ன? ஒரு வங்கிக் கணக்குக்காக அணுகுண்டு வெடித்தார்களா?

கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் 2006 புரியாது.

கூட்டறிக்கைக்கு நான்கு நாள் முன்பு, 2005 செப்டம்பர் 15 அன்று, மக்காவில் இருந்த பான்கோ டெல்டா ஆசியா என்ற சிறிய வங்கியை, கறுப்புப் பணத்தை வெளுக்கும் இடம் என்று அமெரிக்கக் கருவூலம் அறிவித்தது. வட கொரியாவோடு தொடர்புடைய சுமார் 2.5 கோடி டாலர் அங்கே முடங்கியது. தொகை பெரிதில்லை. ஆனால் அமெரிக்கக் கருவூலம் விரல் நீட்டினால் மற்ற வங்கிகள் பயந்துவிடும். பல நாடுகளில் வட கொரியக் கணக்குகளை வங்கிகள் தாமாகவே மூட ஆரம்பித்தன. வட கொரியா கள்ள டாலர் நோட்டு அடிக்கிறது என்ற குற்றச்சாட்டுகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பெய்ஜிங்கில் ஒரு கை கைகுலுக்கும்போது வாஷிங்டனில் இன்னொரு கை கழுத்தைப் பிடித்தது என்றுதான் வட கொரியா பார்த்தது. பணம் வரும்வரை மேஜைக்கு வர மாட்டோம் என்றார்கள். 2006 ஜூலையில் ஏவுகணைகள், அக்டோபர் 9 அன்று முதல் அணுச் சோதனை.

பிறகு அமெரிக்காவே அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சம்மதித்தது. அப்போதும் பணம் நகரவில்லை. கறை பட்ட பணத்தைத் தொட எந்த வங்கியும் தயாராக இல்லை. 2007 மார்ச்சில் பெய்ஜிங் கூட்டம் இதனாலேயே பாதியில் நின்றது. கடைசியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியும் ரஷ்ய மத்திய வங்கியும் நடுவில் நின்று, ஜூன் மாதம் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருந்த ஒரு வங்கிக்குப் பணத்தை அனுப்பி வைத்தன. பணம் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் யோங்பியோன் உலை நின்றது. ஒரே அரசுக்குள் கருவூலம் ஒரு திசையிலும் வெளியுறவுத் துறை இன்னொரு திசையிலும் இழுத்ததில் இரண்டு வருடமும் ஓர் அணுச் சோதனையும் கணக்கில் சேர்ந்தன.

2008-ல் குளிரூட்டும் கோபுரத்தை இடித்தது வெறும் நாடகம் என்கிறார்களே?

2008 ஜூன் 27 அன்று, வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளை அழைத்து, யோங்பியோன் உலையைக் குளிர்விக்கும் கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். காட்சிக்காகச் செய்ததுதான். ஆனாலும் வெறும் காட்சி என்று நான் ஒதுக்க மாட்டேன். அதற்கு முன் 2007 பிப்ரவரி 13 ஒப்பந்தப்படி, முதல் கட்டமாக 50,000 டன், பிறகு 9.5 லட்சம் டன் வரை எண்ணெய் அல்லது அதற்கு ஈடான உதவி என்று படிகள் வகுத்து, உலையை நிறுத்தி, ஆய்வாளர்களைத் திரும்ப விட்டு, தண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க நிபுணர்கள் யோங்பியோனுக்குள் நின்று அதைப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் 'தீய அச்சு' என்று திட்டிய அரசின் ஆட்கள்!

பின்னாளில் உலையை மறுபடி ஓட்டியபோது வட கொரியா அந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்டவில்லை. ஆற்று நீரைக் கொண்டு குளிர்விக்க வேறு ஏற்பாடு செய்துகொண்டது.

பிறகு எதில்தான் உடைந்தது?

சரிபார்ப்பில். வட கொரியா 2008 மே மாதம் சுமார் 18,000 பக்க உலைப் பதிவேடுகளை அமெரிக்காவிடம் கொடுத்தது. ஜூனில் புளுட்டோனியக் கணக்கையும் கொடுத்தது. அந்தத் தாள்களிலேயே செறிவூட்டிய யுரேனியத் துகள்கள் ஒட்டியிருந்ததாகச் செய்தி வந்தது. கணக்கில் யுரேனியத் திட்டம் இல்லை. சிரியாவில் வட கொரிய உதவியோடு கட்டப்பட்டதாக அமெரிக்கா சொன்ன, 2007 செப்டம்பரில் இஸ்ரேல் குண்டு வீசி அழித்த உலையைப் பற்றியும் தெளிவான பதில் இல்லை.

ஆகவே கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எப்படி? மண், கழிவு, கருவி மேல் படிந்த தூசு இவற்றிலிருந்து மாதிரி எடுத்து. 1992-ல் ஒரு துணித்துண்டு என்ன செய்தது என்பது வட கொரியாவுக்கு மறந்திருக்குமா? அக்டோபரில் ஹில் பியோங்யாங் போய் வந்து, மாதிரி எடுப்பது உட்படச் சம்மதம் கிடைத்ததாகச் சொன்னார். அக்டோபர் 11 அன்று பயங்கரவாதத்துக்கு உதவும் நாடுகளின் பட்டியலிலிருந்து வட கொரியாவை அமெரிக்கா நீக்கியது. ஆனால் அந்தச் சம்மதம் வாய்வார்த்தை. டிசம்பரில் பெய்ஜிங்கில் அதை எழுத்தில் கேட்டபோது வட கொரியா மறுத்தது. கூட்டம் கலைந்தது.

இங்கே யார் பக்கம் நியாயம்? கையில் கணக்கைக் கொடுத்துவிட்டு அதைச் சோதிக்கக் கூடாது என்றால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. வட கொரியா பக்கம்தான் தவறு. ஆனால் வாயால் சொன்னதை நம்பிப் பெரிய விலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் பத்திரம் எழுதக் கேட்டது அமெரிக்காவின் பிழை. வீடு வாங்கும்போதுகூட அப்படிச் செய்ய மாட்டோம்.

2009 ஏப்ரல் 5 அன்று வட கொரியா ராக்கெட் ஏவியது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஏப்ரல் 13 அன்று கண்டித்தது. மறுநாளே, ஏப்ரல் 14 அன்று, இனி ஒருபோதும் வர மாட்டோம் என்று வட கொரியா அறிவித்தது. மே 25 அன்று இரண்டாவது சோதனை. 2010 நவம்பரில் யோங்பியோன் போன அமெரிக்க விஞ்ஞானி சிக்ஃபிரட் ஹெக்கருக்கு, சுமார் 2,000 மையவிலக்குகள் கொண்ட நவீனக் கூடத்தைத் திறந்து காட்டினார்கள். மறுத்து வந்தது கண் முன்னால் நின்றது.

சீனா நினைத்தால் ஒரே நாளில் நிறுத்தியிருக்க முடியாதா?

வட கொரிய வெளிநாட்டு வணிகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவோடுதான். எண்ணெய்க் குழாயும் அங்கிருந்துதான். அதனால் இந்தக் கேள்வி இயல்பானது. சீனாவுக்கு வட கொரியாவின் குண்டு பிடிக்காது. வட கொரியா சிதைந்து அமெரிக்கப் படை தன் எல்லை வரை வருவது அதைவிடப் பிடிக்காது. அதனால் வலிக்கும்படி இறுக்கும், மூச்சு நிற்கும்படி இறுக்காது.

பொருளாதாரத் தடைகள் வேலை செய்தனவா?

2006-ல் 1718-ஆம் தீர்மானத்தில் தொடங்கி 2017 வரை பாதுகாப்பு மன்றம் தடைகளை அடுக்கிக்கொண்டே போனது. 2017-ல் நிலக்கரி ஏற்றுமதி தடை, சுத்திகரித்த எண்ணெய் வருடத்துக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல் கூடாது என்று மிகக் கடுமையாயிற்று. இன்றைய தலைவர் கிம் ஜோங் உன்னை 2018-ல் மேஜைக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பங்குண்டு. ஆயுதத்தைக் கைவிட வைக்கவில்லை. இப்போது அவர்கள் பணத்துக்கு வேறு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள்: 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் திருடியது வட கொரியா என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை சொன்னது. மக்காவில் முடங்கிய 2.5 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தடைகளால் அடிபடுவது யார் என்ற கேள்வியையும் விட முடியாது. 1990-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த நாடு அது. உணவும் மருந்தும் தடையில் இல்லை என்று எழுதியிருந்தாலும், பணம் அனுப்ப வங்கி இல்லாதபோது உதவி நிறுவனங்களால் அதை உள்ளே கொண்டுபோவது பெரும்பாடு.

இந்தியாவும் அணுகுண்டு வைத்திருக்கிறது. வட கொரியாவை மட்டும் ஏன் விரட்டுகிறார்கள்?

நம் ஊரில் கட்டாயம் வரும் கேள்வி. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஒருபோதும் கையெழுத்திடவில்லை. வட கொரியா கையெழுத்திட்டு, உறுப்பினராக இருக்கும்போதே மறைத்துச் செய்து, பிறகு விலகிய ஒரே நாடு. சட்டப்படி இது பெரிய வேறுபாடு. ஐந்து நாடுகள் மட்டும் வைத்திருக்கலாம் என்ற அந்த ஒப்பந்தமே பாரபட்சமானது என்று இந்தியா பல காலமாகச் சொல்லி வருவதும் நியாயமான வாதம்தான். ஆனால் ஏவுகணைத் தொழில்நுட்பத்தை விற்று, உலை கட்ட உதவி செய்யும் நாட்டிடம் குண்டு இருப்பது அந்த வாதத்தோடு முடிந்துவிடும் விஷயமில்லை. 1999-ல் குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்தில் பிடிபட்ட வட கொரியக் கப்பலில் ஏவுகணைப் பாகங்கள் இருந்தன என்பதை மறக்க வேண்டாம்.

கிம் குடும்பம் எந்த நிலையிலாவது குண்டை விட்டுக்கொடுத்திருக்குமா?

2003-ல் லிபியாவின் கடாஃபி தன் அணுத் திட்டத்தை மூட்டை கட்டிக் கொடுத்தார். 2011-ல் நேட்டோ விமானங்கள் குண்டு வீச, அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். அந்த மார்ச்சிலேயே, லிபியா ஏமாந்தது என்று வட கொரிய வெளியுறவு அமைச்சகம் வெளிப்படையாகச் சொன்னது. 2018-ல் டிரம்பின் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் 'லிபியா மாதிரி' என்று தொலைக்காட்சியில் சொன்னபோது பியோங்யாங் கொதித்ததில் ஆச்சரியமே இல்லை.

என் கணிப்பு: 1994-லும் 2005-லும் விலை சரியாக இருந்திருந்தால், முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை விட்டிருப்பார்கள். அன்று அவர்களிடம் விற்க இருந்தது ஒரு பழைய உலையும் சில கிலோ புளுட்டோனியமும். இன்று விற்கச் சொல்வது முழு ஆயுதப் படையை.

டிரம்பும் கிம்மும் சந்தித்தார்களே, அது எங்கே போய் நின்றது?

2018 ஜூன் 12, சிங்கப்பூரின் செந்தோசா தீவு. அதற்கு முந்தைய இரவு கிம்மை ஊர் சுற்றிக் காட்டி, சேர்ந்து செல்ஃபி எடுத்தவர் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். படம் உலகமெல்லாம் போனது. ஆனால் அங்கே கையெழுத்தான ஒன்றரைப் பக்க அறிக்கையில் 2005 அறிக்கையில் இருந்த அளவுகூட விவரம் இல்லை.

2019 பிப்ரவரியில் ஹனோய். யோங்பியோனை அகற்றுகிறேன், 2016-17 தடைகளில் மக்கள் வாழ்க்கையைத் தொடுபவற்றை நீக்குங்கள் என்றார் கிம். யோங்பியோன் மட்டும் போதாது என்றார் டிரம்ப். ஏற்பாடாகியிருந்த மதிய உணவைக்கூடச் சாப்பிடாமல் பிரிந்தார்கள். கீழ்மட்டத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படிகளை வகுக்காமல், இரண்டு தலைவர்களே முடித்துவிடலாம் என்று நினைத்ததன் விலை அது. பெய்ஜிங்கில் அறுகோண மேஜையில் சலிப்போடு நடந்த சொல்லுக்குச் சொல் சண்டைக்கு என்ன பயன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஈரானோடு 2015-ல் அணு ஒப்பந்தம் முடிந்ததே, அதே வழியை ஏன் இங்கே பின்பற்றவில்லை?

ஈரானிடம் அப்போதும் குண்டு இல்லை. வட கொரியா அதற்குள் மூன்று முறை சோதித்துவிட்டது. அதோடு, 2018 மே மாதம் ஈரான் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா வெளியேறியது, சிங்கப்பூர் சந்திப்புக்கு ஒரு மாதம் முன்பு. எதிரில் உட்காரப் போகிறவர் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்?

இப்போது நிலை என்ன?

கடினம். மொத்தம் ஆறு அணுச் சோதனைகள் நடந்துவிட்டன. 2017 செப்டம்பர் 3 அன்று நடந்த ஆறாவது, ஹிரோஷிமாவில் விழுந்ததைவிடப் பல மடங்கு பெரியது. சுமார் 50 குண்டுகள் இருக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. 2022-ல் அணு ஆயுத நாடு என்பதைச் சட்டமாக்கினார்கள். 2023-ல் அரசியல் சட்டத்திலேயே அணுப் படைக் கொள்கையைச் சேர்த்தார்கள்.

மேஜையின் மற்ற கால்களும் ஆடிவிட்டன. 2022 மே மாதம் புதிய தடைத் தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் ரத்து அதிகாரத்தால் தடுத்தன. 2024 மார்ச்சில், தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவையே ரஷ்யா முடித்து வைத்தது. அந்த ஜூனில் புதின் பியோங்யாங் போய்க் கூட்டாண்மை ஒப்பந்தம் போட்டார்; உக்ரைன் போரில் ரஷ்யாவுக்காகச் சண்டையிட வட கொரியச் சிப்பாய்கள் குர்ஸ்க் போர்முனைக்குப் போனார்கள். 2003-ல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "கைவிடு" என்று சொன்ன ஐந்து நாடுகளில் ஒன்று இன்று வாடிக்கையாளர். அணு ஆயுத ஒழிப்புக் கோரிக்கையை அமெரிக்கா கைவிட்டால் பேசலாம் என்று 2025 செப்டம்பரில் கிம் சொன்னார்.

இனிப் பேசி என்ன கிடைக்கும்?

முழு ஒழிப்பு உடனே கிடைக்காது. 50 குண்டுகள் 100 ஆகாமல் நிறுத்துவது கிடைக்கலாம். சோதனை நிறுத்தம் கிடைக்கலாம். தவறுதலாக ஓர் ஏவுகணை கிளம்பினால் தொலைபேசியை எடுத்துப் பேச ஒரு வழி கிடைக்கலாம். இதை 'சரணாகதி' என்று சிலர் சொல்கிறார்கள். நிறுத்துவது ஒழிப்பதற்கு முதல் படி என்று வெளிப்படையாக எழுதி வைத்துக்கொண்டு பேசினால் அது சரணாகதி ஆகாது. 1994-லும் முதல் படி உலையை நிறுத்துவதுதான்.

செய்திகளில் எதைக் கவனித்துப் படிக்க வேண்டும்?

அணிவகுப்புகளையும் தலைவர்களின் கைகுலுக்கலையும் விட்டுவிடுங்கள். யோங்பியோன் செயற்கைக்கோள் படங்களில் உலையிலிருந்து வெந்நீர் வெளியேறுகிறதா என்று பார்ப்பார்கள். வெளியேறினால் உலை ஓடுகிறது. செறிவூட்டும் கூடங்களில் புதுக் கட்டடம் எழுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களைப் பாருங்கள். 2009 ஏப்ரலில் அவர்கள் தங்கள் முத்திரைகளையும் கேமராக்களையும் கழற்றிவிட்டு யோங்பியோனிலிருந்து வெளியேறினார்கள். அதன் பிறகு ஒரு முறைகூட உள்ளே போகவில்லை. இரண்டு ஆய்வாளர்களுக்கு விசா கிடைத்தது என்று பத்திரிகையின் உள்பக்கத்தில் எங்கோ ஒரு நாலு வரிச் செய்தி வந்தால், அதை முதலில் படியுங்கள்.